மஞ்சள் ஏறாத குழாய்

என் மாமாவுக்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. அம்மாவின் தம்பி. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், மூளை வேதியியல் பிரிவில் ஆய்வக உதவியாளர். அங்கே எலிகளின் மூளையை எடுத்து அரைத்து, அதில் ஒரு நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளப்பார்கள். நொதிக்குச் சூடு ஆகாது. கொஞ்ச நேரம் வெளியே கிடந்தாலும் கெட்டுவிடும். அதனால் மாமாவின் கைக்கு வரும் எல்லாமே ஐஸில் இருக்கும்: குழாய், கரைசல், அரைக்கும் கண்ணாடிக் கோல், கடைசியில் அவர் விரல்களும்கூட. இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. பால் பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினால் அது ஃபிரிட்ஜுக்குள் போயிருக்கும். அத்தை டீ போட்டுக்கொண்டிருக்கும்போதே போயிருக்கும்.

"இந்த வீட்டுல பால் மட்டும்தான் கெடாது. என் புத்திதான் கெட்டுப் போச்சு" என்பாள் அத்தை.

அத்தை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தீட்டி ஃபிரேமுக்குள் பொருத்துகிற வேலை பார்க்கிறாள். கை நடுங்காத வேலை. மாமாவுக்கு வேலையில் கை நடுங்காது, வீட்டுக்கு வந்ததும் நடுங்க ஆரம்பித்துவிடும். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். மழை வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். கவலைப்பட ஒன்றுமில்லாத நாள் வந்தால், எதையோ மறந்துவிட்டோம் என்று கவலைப்படுவார்.

நான் பள்ளி முடித்துவிட்டு, மேலே எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாமல் காத்திருக்கிற இந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாத வயது என்று அம்மா அனுப்பி வைத்தாள். இங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன். மாமாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் அவர் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தை வெளியிடும். சேதி போய்ச் சேர்ந்ததும் அந்த ரசாயனத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சேதிக்கு இடமிருக்காது. துடைக்கிற வேலையைச் செய்வதுதான் அந்த நொதி. கரும்பலகைக்கு டஸ்டர் மாதிரி என்று மாமா சொல்வார். அவருடைய ஆய்வகத்தில் எலிகளை இரண்டு வரிசையாக வளர்த்திருந்தார்கள். வளைந்து வளைந்து போகிற மரப்பெட்டிக்குள் விட்டால் சீக்கிரம் வழி கற்றுக்கொள்கிற எலிகளைத் தங்களுக்குள் இனம் சேர்த்து ஒரு வரிசை, திரும்பத் திரும்பத் தப்பு வழியில் போகிற எலிகளைச் சேர்த்து இன்னொரு வரிசை. பல தலைமுறைகள் இப்படி. வேகமான வரிசையின் மூளையில் இந்த நொதி சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஏன் என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி.

வேகமான வரிசையின் குழாய்களுக்கு ஊதா மூடி, மெதுவான வரிசைக்குச் சாம்பல் மூடி. ஆனால் அளக்கிறவருக்கு எது எந்த வரிசை என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும். அதனால் வேறொருவர் மூடிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் குழாய்களுக்கு மாற்றி, எண் மட்டும் போட்டுக் கொடுப்பார். அதுவரை மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அந்த ஆய்வகத்தின் கட்டளை அது. மாமா அதை ஒருநாளும் மீறியதில்லை.

ஆனால் அந்த நிறங்கள் மட்டும் ஐஸைப் போலவே வீட்டுக்கு வந்துவிட்டன. சில்லறை தப்பாகக் கொடுக்கிற கடைக்காரர் "சாம்பல்". ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொள்கிற மெக்கானிக் "ஊதா". நான் பாடப் பக்கங்களை மளமளவென்று ஒப்பிப்பதைக் கேட்டு என்னையும் ஊதா என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. எல்லோரும் சிரிப்போம். அவர்களுடைய மகள் தும்பியும் சிரிப்பாள். அவளுக்கு எட்டு வயது. ஒரு வேலையைப் பிடித்தால் அதை விட்டு இன்னொன்றுக்குப் பறந்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர்.

தும்பிக்கு வாய்ப்பாடு நிற்கவில்லை. சாயங்காலம் மாமா மடியில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார். ஆறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள். காலையில் பல் தேய்க்கும்போது கேட்டால் பாதியில் நிற்கும்.

"நேத்து சொன்னியேம்மா, எங்க போச்சு?"

"தூங்கும்போது கொட்டிடுச்சுப்பா."

அத்தை தலையணையை எடுத்து உதறிக் காட்டுவாள். தும்பி விழுந்து விழுந்து சிரிப்பாள். மாமா சிரிக்கமாட்டார். அவர் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த மனிதனைப் போல.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தும்பியைத் தனி வகுப்புக்கு மாற்றலாம் என்று வகுப்பாசிரியை சொன்னார். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான வகுப்பு அது. பள்ளிக் கட்டடத்தின் பின்பக்கம், உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கிற அறைக்கு அடுத்தது. பிள்ளைகள் அதைப் பின்னறை என்பார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. கட்டாயம் ஒன்றுமில்லை, பெற்றோரில் ஒருவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து போட்டால் போதும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை.

அத்தைக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமாதான் யோசித்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தார், பஸ்ஸில் யோசித்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். சம்மதித்தால் பிள்ளைமேல் முத்திரை குத்தியதாகிவிடும். சம்மதிக்காவிட்டால், முடியாத பிள்ளையை முடியும் பிள்ளைகளோடு ஓடவிட்டு மூச்சு முட்ட வைத்ததாகிவிடும். எது உண்மை என்று யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்று என்னிடமே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவரே ஒரு கதை சொன்னார். மெதுவான வரிசையில் ஒரு எலி, வழி கற்க மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் எடுத்துக்கொண்டதாம். இடையில் விடுமுறை வந்து எல்லாக் கூண்டும் சும்மா கிடந்தது. திரும்பவும் பெட்டிக்குள் விட்டபோது வேகமான எலிகள் திருப்பத்தில் நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருக்க, இது மட்டும் நேராகப் போய்த் தீனியைத் தின்றது.

"அதுக்கு நொதி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

மாமா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "அது இன்னும் ஓடிட்டு இருக்கு. அளக்கணும்னா மூளைய எடுக்கணும். எடுத்தா ஓடாது."

அத்தை என் பக்கம் திரும்பி, பரீட்சையில் நான் எழுதிய வேதியியல் பாடத்திலிருந்து ஏதாவது சொல்லு பார்ப்போம் என்றாள். நான் வாயைத் திறந்தேன். தலைப்பு வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. "ஊதா வெளுத்துப் போச்சு" என்றாள் அத்தை. அன்றைக்கும் சிரித்தோம்.

மாமா அந்தக் கதையை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். இதே நொதி ரத்தத்திலும் இருக்கிறது. ரத்தம் எடுக்க யாரும் சாக வேண்டியதில்லை.

இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக் நர்ஸ் அத்தையின் கடையில் கண்ணாடி வாங்குகிறவர். பிள்ளைகளும் நானும் சோர்வாக இருக்கிறோம், ரத்தம் குறைவா என்று பார்க்க வேண்டும், எங்கள் ஆய்வகத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா அவரிடம் சொன்னார். அத்தையிடமும் அதையேதான் சொன்னார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தமும் அவருக்கு வேண்டியிருந்தது.

நர்ஸ் முதலில் மாமாவுக்கு எடுத்தார், பிறகு எனக்கு. இரண்டும் ஊதா மூடிக் குழாய்கள். தும்பியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, அவள் அழ ஆரம்பித்த பிறகு பெட்டிக்குள் கையை விட்டால் ஊதா தீர்ந்துபோயிருந்தது. சாம்பல் மூடி ஒன்றை எடுத்தார்.

"எங்க லேபுக்குன்னா இதுல வாங்க மாட்டாங்க. உங்க லேப்தானே, நீங்க பாத்துக்குங்க" என்றார்.

மாமா கேட்கவே இல்லை. அவர் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளின் ரத்தம் சாம்பல் மூடிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மாமா "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், யாருமில்லாத ஆய்வகத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். நீளமான அறை, கறுப்புக் கல் மேசை, எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற குளிர்பெட்டியின் முனகல். அவர் குழாய்களை ஐஸிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நீ மாத்தி ஊத்தி நம்பர் போடு. எது யாருதுன்னு மனசுல வெச்சுக்கோ, சொல்லாத. மூடியெல்லாம் அந்தக் கூடையில போட்டுடு. அந்தக் கலரு என் கண்ணுல படவே கூடாது."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தன் பயம் தன் கண்ணைக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்தார். வேறொருவராக இருந்தால், இது ஏன் சாம்பல், இதில் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். நேர்மையாக அளக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், பார்க்க வேண்டிய ஒரே விஷயத்தை மாமா பார்க்கவில்லை. நான் மூடிகளைக் கூடையில் போட்டேன். மாமா குழாய்களைச் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்து, கரைசலைச் சேர்த்தார். நொதி எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு மஞ்சள் நிறம் ஏறும். ஒளியை விட்டு அளக்கிற இயந்திரம் உண்டு. ஆனாலும் மாமா முதலில் ஒரு வெள்ளை ஓட்டின் மேல் வைத்துக் கண்ணால் பார்ப்பார்.

முதல் குழாய் மஞ்சளானது. மூன்றாவது அதைவிட வேகமாக ஆனது. இரண்டாவதில் மட்டும் நிறம் ஏறவே மாட்டேன் என்றது. மாமா இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடி கலந்து மறுபடியும் பார்த்தார். மற்றவற்றில் பாதிகூட இல்லை.

"ரெண்டு யாரு?"

நான் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. அவர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐஸ் டப்பாவுக்குள் கையை வைத்தவர் எடுக்க மறந்துபோனார். விரல் நுனி சிவந்து மரத்த பிறகு நான்தான் கையைப் பிடித்து எடுத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர் கை நடுங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு தப்பான எண் நம் பயத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. வேகமாக ஒப்பிக்கிற எனக்கு அதிகம், சாதாரணமான மாமாவுக்கு நடுவில், தும்பிக்குக் குறைவு. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல இருந்தது.

மறுநாள் தன் மேலதிகாரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். அந்தப் பிரிவின் தலைவி அவர். எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். ரொம்பக் குறைவாக வருகிற ஒன்றைப் பழக்கினால் மேலே வருமா என்று மாமா கேட்டதும், எந்த வரிசை என்றாராம் மேடம். "சாம்பல்" என்று மாமா சொன்னார். அப்படியென்றால் ஆச்சரியமில்லையே என்று சொல்லிவிட்டு மேடம் கூட்டத்துக்குப் போய்விட்டார். எலியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்த மேடத்தைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகிற வழியில் மாமா பள்ளிக்குள் போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து போட்டார். அத்தைக்குச் சொல்லவில்லை. சொல்கிறேன், சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. மாமா தும்பியிடம் வாய்ப்பாடு கேட்பதை நிறுத்தினார். அவள் கேட்பதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஷூ லேஸை அவள் தானே கட்டக் குனிந்தால் ஓடிவந்து கட்டிவிட்டார். நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி அவளைப் பார்த்தார். இரண்டு நாள் அவள் அதை ரசித்தாள். மூன்றாவது நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்.

"அப்பா இப்பல்லாம் வாய்ப்பாடே கேக்கறதில்லக்கா. நான் பாஸாயிட்டேனா?"

அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனேன். மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை அத்தைக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல். அதற்கும் மாமா தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மூவரும் கிளினிக்குக்குப் போனோம். தும்பி அரைநாள் பள்ளிக்குப் போயிருந்தாள். அதே நர்ஸ் அத்தையின் கையில் பட்டையைக் கட்டினார். பெட்டி நிறைய ஊதா மூடி இருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டுச் சாம்பல் மூடியைத் தேடி எடுத்தார்.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். "ஊதா இருக்கே. ஏன் இதை எடுக்கறீங்க?"

"சர்க்கரைக்கு இதுதாங்க. அடியில பொடி இருக்கு பாருங்க. எடுத்து வெச்ச ரத்தம் தன்னோட சர்க்கரையத் தானே தின்னுடும். இந்தப் பொடி அதைத் தின்ன விடாது."

"எப்படி விடாது?"

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும். ஃபுளோரைடுன்னு போட்டிருக்கு."

மாமா அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்த பொடியைப் பார்த்தார். அந்தப் பொடி நொதிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. ரத்தம் சர்க்கரையைத் தின்ன உதவுகிற நொதிகளை மட்டுமல்ல, மாமா வருஷக்கணக்காக அளக்கிற நொதியையும் சேர்த்துத்தான். அவருக்கு அது மனப்பாடம். தும்பியின் குழாயில் மஞ்சள் ஏறாததற்குத் தும்பி காரணமில்லை.

அவர் நடைபாதை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அத்தை பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் சர்க்கரை விஷயமாகத்தான் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மாமா எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம் எடுத்த காரணம், ஞாயிற்றுக்கிழமை, கையெழுத்து. அத்தை சத்தம் போடவில்லை.

"எந்த வரிசையில போட்டீங்க எம்புள்ளய?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க. கடைக்காரனச் சொல்லுவீங்களே ஒரு வார்த்தை. அதைச் சொல்லுங்க."

அவர் எழுந்து, ஓர் ஊதா மூடிக் குழாய் வேண்டும் என்று நர்ஸிடம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதே தும்பிக்கு மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, சரியான எண்ணோடு பள்ளிக்குப் போய்க் கையெழுத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றார். கடிதங்கள் அன்று மத்தியானம் கல்வி அலுவலகத்துக்குப் போகின்றன. போய்விட்டால் பெயர் பதிவாகிவிடும். அதற்குள் ஆய்வகத்தில் இயந்திரம் கிடைக்குமா என்று மேடத்திடம் கேட்க வேண்டும். ஆட்டோ பிடித்தோம். ஆய்வகம் பள்ளிக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அத்தை ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டாள். மாமாவைத் தனியாக விடப் பயந்து நான் உள்ளே போனேன்.

மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மாமா நின்றபடியே சொல்லி முடித்தார். மேடத்துக்குக் கோபம் வந்தது. இயந்திரத்தைக் கேட்காமல் தொட்டதற்குக் கொஞ்சம், தன்னிடம் எலியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டதற்கு அதிகம். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"பொடி இருந்தாலும் இல்லாட்டியும் அது ரத்தம்யா. ரத்தத்தப் பாத்து மூளையச் சொல்லிடலாம்னா நாம எதுக்கு இத்தனை எலியக் கொல்றோம்?"

மாமா சட்டைப் பையிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதிகம்னா நல்லதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு? மறதி வந்த வயசானவங்களுக்கு இதே நொதிய அடக்கத்தான் மாத்திரை குடுக்கறாங்க. நம்ம கணக்கு மொத்த வரிசையோட சராசரிக்கு. ஒத்த எலிக்குக்கூட அதை வெச்சு ஜாதகம் எழுத முடியாது. உங்க பொண்ணுக்கு எழுதிட்டீங்க."

வெளியே வரும்போது மாமா இன்னும் பயந்துபோயிருந்தார். தப்பான எண் கையில் இருந்தபோதாவது பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. இப்போது சரியான எண் என்று ஒன்றே கிடையாது என்கிறார்கள். எதைக் காட்டிக் கையெழுத்தைத் திரும்பக் கேட்பது? ஆட்டோவில் அத்தை ஒரு பக்கம் பார்த்தாள், மாமா ஒரு பக்கம் பார்த்தார், நடுவில் நான். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய் முடிவதற்குள் மாமா என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தலைமை ஆசிரியையின் மேசையில் கடிதங்கள் கட்டாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பியூன் உறையைத் தேடிக்கொண்டிருந்தார். மாமா தன் கையெழுத்தைத் திரும்பக் கேட்டார். ஏன் என்றார் தலைமை ஆசிரியை.

"ஒரு நம்பரப் பாத்துட்டுப் போட்டுட்டேன் மேடம். அந்த நம்பர் தப்பு."

"சரியான நம்பர் என்ன?"

"அப்படி ஒண்ணு கிடையாதாம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். மாமா கிளினிக், குழாய், மஞ்சள் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டார்.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். ஆறாம் வாய்ப்பாடு வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப என்ன மாறிச்சு?"

அத்தை குறுக்கே வந்தாள். தும்பியைக் கூப்பிட்டு அஞ்சாம் வாய்ப்பாடு கேளுங்கள் என்றாள். தும்பி வந்தாள், எங்கள் மூவரையும் பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து வாசலிலேயே நின்றாள். தலைமை ஆசிரியை கேட்டதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஐந்தாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். நிறுத்தாமல், கடைசி வரை சொன்னாள். ஆறைக் கேட்டபோது நடுவில் நின்றாள். காதைச் சொறிந்தாள்.

"அஞ்சு எப்ப படிச்சே?"

"போன லீவுக்கு முன்னாடி. அப்பா மடியில." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள், "அது ஏற ரொம்ப நாளாச்சு. ஏறினப்புறம் எறங்கல."

மாமா என்னைப் பார்த்தார். விடுமுறைக்குப் பிறகு நேராகத் தீனிக்குப் போன எலி எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. இன்னொரு எலியைக் கொண்டுவந்து நிறுத்த அவருக்குத் தைரியம் இல்லை.

"மெதுவாத்தான் ஏறும் மேடம்" என்றார். "நான் கேக்கறத நிறுத்திட்டேன். மறுபடி கேக்கறேன். அவ பெஞ்சு அங்கயே இருக்கட்டும்."

தலைமை ஆசிரியை கட்டை அவிழ்த்து, கடிதத்தைத் தேடி எடுத்தார். கிழிக்கவில்லை. மடித்துத் தன் மேசை டிராயருக்குள் வைத்தார்.

"இந்தப் பருவம் முடியட்டும். அப்பவும் நடுவுல நின்னா நான் கூப்பிட மாட்டேன். நீங்களே வரணும்."

பருவம் இன்னும் முடியவில்லை. ஆறாம் வாய்ப்பாடு ஆறு நாலு வரை வந்திருக்கிறது, சில நாள் ஆறு ஏழு வரை. தும்பி தினமும் தன் பழைய பெஞ்சில்தான் உட்காருகிறாள். சாயங்காலம் மாமா மடியில் வைத்துக் கேட்கிறார். கேட்கும்போது அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த டிராயர் அவர் மனதை விட்டுப் போகவில்லை. அத்தையின் சர்க்கரை சரியாக இருக்கிறது. மாமாவோடு அவள் பழையபடி பேச ஆரம்பிக்க நாளாயிற்று. நிறங்களைச் சொல்லி யாரையும் யாரும் கேலி செய்வதில்லை.

அந்த ஊதா மூடிக் குழாய் அவர் சட்டைப் பையிலிருந்து ஃபிரிட்ஜ் கதவின் முட்டைத் தட்டுக்குப் போயிருந்தது. பால் வைக்கப் போகும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். ஒருநாள் அது அங்கே இல்லை. மாமா முட்டைகளை நகர்த்தித் தேடினார். எதைத் தேடுகிறீர்கள் என்று அத்தை கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது.

தும்பியின் பென்சில் டப்பாவுக்குள் அது இருந்தது. பேனா பென்சிலுக்குப் போடுகிற மெல்லிய லெட் குச்சிகளை உள்ளே அடுக்கி வைத்திருந்தாள். மாமா அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். குச்சிகள் சலசலத்தன. அவள் நிமிர்ந்து, பிடுங்கிக்கொள்வாரோ என்று பார்த்தாள்.

"மூடிய நல்லா அழுத்தி மூடு. கொட்டிடப் போகுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவள் மூடிவிட்டாளா என்று தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.